கரிசல் ஊர்களில் ஐப்பசி மழைக்கு முன் செய்யவேண்டிய வேலைகள்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ள ஆமத்தூரும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல் பூமியாகும். இந்த ஜில்லாவில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சராசரி சுமார் 800 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 32 அங்குலம். அதில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி பிறந்தது முதல் மார்கழி முடிவதற்குள் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்துவிடுகிறது. அந்தப் பாதியும் நாள்தோறும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதும், பல நாட்கள் மேகம் மட்டும் மூடி நிற்பதும் இச்சீமையின் இயல்பு. ஆகவே எந்த வேலையையும் முதல் மழை விழுந்தபின் தொடங்கலாம் என்று வைத்திருப்பவருக்கு அவ்வருஷத்து நீரில் பெரும்பகுதி கிடையாமற் போகும்.

விதைப்புக்கு வேண்டிய ஏற்பாடுகளை விவசாயிகள் மறப்பதில்லை. புரட்டாசி பிறந்ததும் புழுதியுழவு, விதை, உரம் ஆகியவற்றில் கருத்து முழுவதும் சென்றுவிடுகிறது. வீடு, கொல்லை, ஊர்ப் பொது இடங்கள் ஆகிய மூன்றும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இம்மூன்றையும் தனித்தனி வேலைகளாக எண்ணுவதே தவறு. ஒரே மழைநீர்தான், சுவரோரம் தேங்கினால் வீட்டைப் பிளக்கிறது. இருபது அடி தள்ளிக் கொண்டுபோய் விட்டால் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் உயிராகிறது. அதற்கப்பாலும் தடையின்றி ஓடினால் கண்மாயில் போய்ச் சேருகிறது. ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முடிய உள்ள நாட்களில் அந்த நீருக்கு வழி செய்துவிட வேண்டும்.

வீடும் அஸ்திவாரமும்

கரிசல் மண் நீரை உறிஞ்சினால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இம்மண்ணில் உள்ள ஒருவகை நுண்ணிய களியே இதற்குக் காரணம். கோடையில் காட்டில் கைத்தடி இறங்கும் அளவுக்கு வெடிப்பு விடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதே வெடிப்பு வீட்டின் சுவரடியிலும் விடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐப்பசியின் முதல் மழைநீர் அவ்வெடிப்பு வழியாக நேரே அஸ்திவாரத்துக்குக் கீழ் இறங்குகிறது. சுவரோரத்து மண் உப்பி மேலெழ, நடுவீட்டுக்கு அடியிலுள்ள மண் உலர்ந்தபடியே கிடக்கிறது. மண் முழுவதும் ஒருசேர உப்பினால் வீட்டுக்கு அவ்வளவு கேடில்லை. ஒரு மூலை உயர்ந்து மற்றொரு மூலை அசையாதிருப்பதால்தான் சுவர் பிளக்கிறது. ஜன்னல், நிலைவாசல் ஆகியவற்றின் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்புகள் பெரும்பாலும் இதன் அடையாளமே. அவற்றை வருஷந்தோறும் சிமெண்டு பூசி மறைப்பதில் பணம் செலவாவதேயன்றிப் பலனில்லை. அடுத்த கோடையில் அதே இடத்தில் வெடிப்பு மீண்டும் வாய் திறக்கும்.

செய்யவேண்டியது இதுதான். புரட்டாசி முதல் வாரத்தில் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, சுவரடி வெடிப்புகளையும் பள்ளங்களையும் பார்க்க வேண்டும். வெடிப்புகளில் குப்பையும் சாம்பலும் போட்டு மூடுவது ஆகாது. சரளையுடன் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து, ஈரம் தெளித்து, இடித்து நிரப்ப வேண்டும். சுண்ணாம்பு சேர்ந்த கரிசலுக்கு உப்பும் குணம் குறைகிறது. அதன்மேல் சுவரையொட்டி நான்கு அடி அகலத்துக்குக் கல் அல்லது சிமெண்டுத் தளவரிசை போட்டு, வெளிப்பக்கம் இரண்டரை அங்குலம் தாழ்வாக இருக்கும்படி சாய்மானம் கொடுக்க வேண்டும். தளவரிசையின் வெளி ஓரத்தில் சிறு வாய்க்கால் அமைத்து நீரைத் தூரத்துக்குக் கடத்த வேண்டும். தளவரிசைக்குப் பணமில்லாதவர் சரளையையாவது கெட்டித்து அதே சாய்மானத்தில் அமைத்தால் பாதிக் கேடு தீரும்.

சுவரையொட்டிப் பூச்செடிப் பாத்தி வைத்து நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவது கரிசல் நிலத்தில் வீட்டுக்கு ஆகாத பழக்கம். அதுபோலவே குளிக்கும் இடத்து நீரும் பாத்திரம் கழுவும் நீரும் ஒரே மூலையில் ஊறவிடக் கூடாது. பெருமரங்கள் வேரால் நீரை இழுத்து மண்ணைச் சுருங்கச் செய்வதால், வேம்பு, பூவரசு முதலியவற்றை, அவை முழுதும் வளர்ந்தால் எவ்வளவு உயரம் இருக்குமோ அவ்வளவு தூரமாவது சுவருக்கு அப்பால் நடுவதே முறை. ஆனால் ஏற்கெனவே சுவரருகில் நிற்கும் பழைய மரத்தை மழைக்கு முன் அவசரப்பட்டு வெட்டிவிட வேண்டாம். அதுவரை மரம் உலர்த்தி வைத்திருந்த மண் ஒரே பருவத்தில் நீர் குடித்து உப்பி, முன்னிலும் பெரிய வெடிப்பை உண்டாக்கும். கிளைகளைக் கழித்து இலைப்பரப்பைக் குறைத்து, இரண்டு மூன்று வருஷங்களில் படிப்படியாக அகற்றுவதே விவேகம். புது வீடு கட்டுவோர் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் கரிசலுக்கென்றே வகுத்த, அடிபருத்த கான்கிரீட்டுத் தூண் அஸ்திவாரத்தைப் பற்றி என்ஜினீயரிடம் விசாரித்துக்கொள்வது நலம்.

ஓட்டு வீடுகளில் மோட்டு ஓடுகளையும் கூடல்வாயையும் சரிபார்த்து, உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். கூடல்வாயில் படிந்திருக்கும் வேப்பஞ்சருகுதான் பெரும்பாலான ஒழுக்குகளுக்குக் காரணம். மட்டக் கூரையில் நீர்போகும் துவாரங்களைக் குத்திவிட்டால் போதும்.

குடிக்கூலி வீடுகள்

தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களுக்கு வந்துசேரும் குடும்பங்களுக்காக இப்பகுதியில் நிலமுடையோர் வரிசை வீடுகள் கட்டிக் குடிக்கூலிக்கு விட்டிருக்கின்றனர். இவ்வீடுகளில்தான் மழைக்கால வேலை மிகவும் தட்டிப்போகிறது. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்ப்பார் என்று குடியிருப்போரும், குடியிருக்கிறவர்கள்தாமே சுத்தம் செய்துகொள்ளட்டும் என்று வீட்டுக்காரரும் இருந்துவிட, நடுவில் சுவர் பிளக்கிறது. தமிழ்நாட்டில் 2017 ஆம் வருஷம் இயற்றப்பட்ட நில உரிமையாளர், குடிவாரதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டத்தின் அட்டவணையில், கட்டுமானப் பழுதுகளும் குழாய் மாற்றுதலும் வெள்ளையடித்தலும் உரிமையாளர் பொறுப்பென்றும், சாக்கடை சுத்தம் செய்தலும் தம் உபயோகத்திலுள்ள தோட்டம், திறந்தவெளி இவற்றின் பராமரிப்பும் குடியிருப்போர் பொறுப்பென்றும் பிரித்திருக்கிறது. கிராமங்களிலும் இப்பிரிவினையை வழிகாட்டியாகக் கொள்ளலாம். கூரை, தளவரிசை, வாய்க்காலின் சாய்மானம் இவற்றை உரிமையாளர் புரட்டாசிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். வாய்க்காலில் சருகும் பிளாஸ்டிக்கும் அடையாமல் வாரம் ஒருமுறை வாரிப்போடுவது குடியிருப்போர் முறைவைத்துச் செய்யத்தக்கது. வரிசை வீட்டுக்குப் பொதுவாக ஒரு மண்வெட்டியும் ஒரு நீண்ட கம்பியும் வாங்கி வைப்பதற்கு உரிமையாளருக்கு ஆகும் செலவு, ஒரு மூட்டை சிமெண்டின் விலையைவிட அதிகமாகாது.

கூரைநீர்

500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 1,180 லிட்டர் நீர் விழுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை 16 அங்குலம் பெய்வதாக வைத்துக்கொண்டு, ஐந்தில் ஒரு பங்கு தெறிப்பிலும் ஆவியிலும் போனாலும், 15,000 லிட்டர் நீர் அச்சிறு கூரையிலிருந்தே கிடைக்கும். இது வீட்டின் நான்கு மூலைகளிலும் விழுந்தால் அஸ்திவாரத்தைத் தின்னும் நீர். ஒரு தகரத்தாரையில் சேர்த்துக் குழாய் வழி இறக்கினால் சொத்து.

2003 ஆம் வருஷம் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, பல ஊர்களில் சுவரையொட்டிக் குழி தோண்டி ஜல்லி நிரப்பினார்கள். மணற்பாங்கான கடற்கரைப் பட்டணங்களில் அம்முறை நன்று. கரிசலில் அப்படியன்று. ஈரம் பட்டதும் கரிசலின் துவாரங்கள் அடைத்துக்கொள்வதால் குழிநீர் கீழே இறங்குவதில்லை. பக்கவாட்டில் ஊறிச் சுவரடி மண்ணையே உப்பச் செய்கிறது. ஆகையால் கரிசல் ஊர்களில் கூரைநீரைத் தொட்டியில் சேர்ப்பதே உத்தமம். ஊறுகுழியே வைக்க விரும்புவோர் சுவரிலிருந்து இருபது அடிக்கு அப்பால் வைக்க வேண்டும். அருகில் தூர்ந்த கிணறு இருந்தால் வடிகட்டி அதில் விடலாம். முதல் மழையின் நீர் கூரையிலுள்ள புழுதியையும் பறவை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வருமாதலால் அதை வெளியே விட்டுவிட வேண்டும். தொட்டியின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டாமல் விட்டால், டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் முட்டையிட்டுப் பெருகும்.

5,000 லிட்டர் தொட்டி ஒன்று நல்ல மழையில் சில நாட்களில் நிரம்பிவிடும். அதை மார்கழிக் கடைசியில் நிறைத்து வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 50 லிட்டர் வீதம் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் கொல்லைத் தோட்டத்துக்குப் போதும். கிணற்று நீர் உவர்ப்பாயுள்ள வீடுகளில் இந்நீரின் அருமை சொல்லாமலே விளங்கும்.

கொல்லைத் தோட்டம்

கரிசலில் காய்கறிகள் சாவது வறட்சியினால் மட்டுமன்று; மழைநாட்களில் வேரழுகியும் சாகின்றன. எனவே மூன்று அடி அகலமும் முக்கால் அடி உயரமுமாக மேட்டுப்பாத்திகள் அமைத்து, இடையே நீர் வடியத் தாழ்ந்த நடைபாதை விட வேண்டும். கொல்லை மண்ணைத் திருத்துவதற்குக் கண்மாய்க் கரம்பை அடிப்பவர்கள் உண்டு. செம்மண் நிலத்துக்கும் மணல் நிலத்துக்கும் கரம்பை அமிர்தம். ஏற்கெனவே களியாயுள்ள கரிசலுக்கு அதனால் பெரும் பயனில்லை. மக்கிய தொழுவுரம், மட்கிய தென்னைநார்க்கழிவு, சிறிது செம்மண் அல்லது மணல் ஆகியவற்றைக் கொத்திக் கலப்பதே தக்கது.

ஆடியில் ஊன்றிய அவரை இதற்குள் பந்தலேறியிருக்கும். காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் பூவும் பிஞ்சுமாய்ப் பந்தல் சாயுமாதலால் கால்களை இப்போதே மாற்ற வேண்டும். கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை ஆகியவற்றை மேட்டுப்பாத்திகளில் விதைக்கலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளை நாற்றங்காலில் இடுமுன், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் பூஞ்சாணப் பொடியைப் புரட்டிக்கொண்டால் நாற்றழுகல் குறையும். நாற்றங்காலின் மேல் தென்னங்கீற்றைச் சாய்வாக நிறுத்தினால் பெருமழையின் துளி நாற்றைச் சாய்க்காது.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989 இல் வெளியான பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, கொல்லைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் முருங்கைக்கு நீர்தேக்கம் ஒரு நாளும் ஆகாது. புரட்டாசிக் கடைசியில் பைகளில் விதையூன்றி, பெருமழை ஓய்ந்து வரும் கார்த்திகைக் கடைசியில், ஒன்றரை அடிக் குழி நிரப்பி அதன்மேல் மண் அணைத்து மேடாக்கிய இடத்தில் நட வேண்டும். இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். கழிநீர் போகும் வழியில் வாழை, கல்வாழை, சேம்பு இவற்றை வைத்தால் அவை அந்நீரைக் குடித்துக்கொள்ளும். கீரையை மட்டும் கழிநீரில் வளர்க்கலாகாது.

கொல்லைக் காய்கறிகளுக்குக் கடுவிஷம் தெளிப்பதை வீட்டார் அடியோடு விடவேண்டும். கிலோவுக்கு 20 லிட்டர் வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்துத் தெளித்தால் பெரும்பாலான புழு பூச்சிகளுக்கு அது போதும். 2008 இல் தமிழ்நாட்டில் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி எத்தனை மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010 இல் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து தருவித்து விடப்பட்ட கடுகளவு ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. கண்ணுக்குத் தெரியாத அத்தகைய வேலையாட்களை நாமே மருந்தடித்துக் கொல்வது நஷ்டம்.

படப்பும் தீயும்

சோளத்தட்டைப் படப்பையும் வைக்கோற் படப்பையும் தரையிலேயே போட்டால் அடிச்சுற்று மழையில் அழுகிப் பூஞ்சாணம் பிடிக்கும். கல் பரப்பியோ மரக்கிளை அடுக்கியோ ஓர் அடி உயர்த்தி அதன்மேல் போட்டு, உச்சியை நீர் வழியும்படி கூம்பாக முடிக்க வேண்டும். முதல் மழையில் காட்டில் மறுதாம்பாகத் துளிர்க்கும் இளஞ்சோளத்தில் மாட்டை மேயவிடக் கூடாது. வாடி மீண்ட துளிரில் உள்ள கடுநஞ்சு சில நாழிகையில் மாட்டைக் கொன்றுவிடும். வெள்ளாடு செம்மறியாடுகளுக்கு இம்மழைக் காலத்தில் கடிபூச்சிகளால் நீலநாக்கு நோய் பரவுவதுண்டு. கால்நடை மருத்துவரிடம் முன்னதாகவே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

தீபாவளி பெரும்பாலும் ஐப்பசியில் வருகிறது. மழை பிந்திய வருஷங்களில் அப்போது ஊரெங்கும் தட்டை காய்ந்து கிடக்கும். படப்பு வீட்டுக்கும் மின்கம்பிக்கும் குறைந்தது ஐம்பது அடி விலகியிருக்கட்டும். பிள்ளைகள் வெடிப்பதற்குக் களத்துமேட்டைப் போன்ற வெற்றிடம் ஒன்றை ஊராட்சியார் குறித்து, இரண்டு பீப்பாய் தண்ணீரும் மணலும் வைத்தல் நலம். 2018 ஆம் வருஷத்து உச்சநீதிமன்ற உத்தரவையடுத்துத் தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரமும் இரவு ஒரு மணி நேரமும் வெடிப்பதற்கு வரையறுக்கப்பட்டது. அந்நேரங்களில் பெரியவர் ஒருவர் களத்தில் நிற்பது அரிதான காரியமன்று. தீப்பட்ட இடத்தில் இருபது நிமிஷம் ஓடும் நீரை விட வேண்டும். பேனா மை, பற்பசை, எண்ணெய் ஒன்றும் தடவலாகாது.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. காட்டுக் கொட்டகையையோ தனித்த வீட்டையோ வழக்கத்தினும் அதிகக் குடிக்கூலி கொடுத்துக் கேட்பவர் சிலர், அங்கே மறைவாகப் பட்டாசுக் கலவை செய்வதுண்டு. 2008 ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகளின்படி உரிமம் இல்லாத இடத்தில் இத்தொழில் செய்வது குற்றம். மழைக்காலத்தில் இதன் ஆபத்து இரட்டிப்பாகிறது. அலுமினியப்பொடி கலந்த மருந்து ஈரங்கண்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். கரிசல் வீட்டின் ஒழுகும் கூரைக்கு அடியில் அதை வைத்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் தொழிலாளர் மட்டுமல்லாமல் உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊரார்களும் இருந்தனர். அது ஊருக்கு வெளியே இருந்த தொழிற்சாலையில் நேர்ந்தது. வரிசை வீட்டுக்கு நடுவில் நேர்ந்தால் என்னவாகும் என்பதை, கொட்டகையை வாடகைக்கு விடுபவர் சாவியைக் கொடுப்பதற்கு முன் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர். மாதம் ஒருமுறை நேரிற்சென்று பார்ப்பதென்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால், கெட்ட எண்ணமுள்ளவர் தாமே விலகிப்போவார்.

தானியமும் கிணறும்

குலுக்கையிலும் மூட்டையிலும் மிஞ்சியுள்ள தானியத்தைப் புரட்டாசி வெயிலில் ஒருமுறை பரப்பிக் காயவைத்து, ஆறியபின் கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். துவரையை விதைக்கு வைப்பவர் செம்மண் கட்டியும், சமையலுக்கு வைப்பவர் உடைத்துப் பருப்பாக்கியும் வைத்தால் பயறுவண்டு அதிகம் தாக்காது. மூட்டைகளைச் சுவரில் சாத்தாமல் கட்டைகளின் மேல் அடுக்க வேண்டும்.

மழைநீர் புகுந்த குடிநீர்க் கிணற்றுக்கு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல வெளுப்புத்தூளைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிநீரை மட்டும் விட வேண்டும். 3 மீட்டர் குறுக்களவும் 4 மீட்டர் நீருமுள்ள வட்டக்கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 70 கிராம் போதும். இரவில் விட்டுக் காலையில் இறைக்கத் தொடங்கலாம். உடைந்த சட்டி, டயர், கவிழ்க்காத ஆட்டுரல் இவற்றில் நிற்கும் நீரை வாரம் ஒருநாள் கொட்டிவிட்டால் கொசு பறக்கும் பருவம் எய்தாது.

வரத்துக்காலும் கண்மாயும்

வீட்டுக்காரர் தம் வீட்டு நீரை எவ்வளவு ஒழுங்காக வெளியே விட்டாலும், தெருவைத் தாண்டியதும் அது எங்கே போகிறது என்பதில்தான் ஊரின் நன்மை அடங்கியிருக்கிறது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் பெரும்பாலான கிராமங்களில் சர்வே வரைபடத்தில் மட்டும் முழு அகலத்தோடு இருக்கிறது. தரையில் பார்த்தால் பாதியைச் சீமைக் கருவேலும், மீதியை ஏர்முனையும் கொண்டுபோயிருக்கின்றன.

ஏர்முனையைப் பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும். வரத்துக்காலை ஒரே நாளில் யாரும் அபகரிப்பதில்லை. கரையை ஒட்டி உழும்போது, வருஷத்துக்கு ஒரு சால் கூடுதலாக விழுகிறது. சாலுக்கு முக்கால் அடி வீதம் இரு கரையிலும் சேர்ந்து வருஷத்துக்கு ஒன்றரை அடி. ஒன்பது அடி வாய்க்கால் ஆறு வருஷத்தில் இல்லாமற்போகும். அதனால் உழுதவருக்குக் கிடைத்தது சில பிடி கம்பு. இழந்தது, அந்த ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரு போகத்துக்கு வேண்டிய நீர். உழுதவர்களில் பலர் அதே ஆயக்கட்டில் நிலமுடையவர்கள் என்பதுதான் விந்தை.

இவ்வேலைக்குக் காலக்குறிப்பு மிகவும் முக்கியம். கிராம நிர்வாக அலுவலர், புல வரைபடத்தைக் கையிற்கொண்டு, ஊராட்சித் தலைவரும் இருகரை நிலத்தாரும் உடனிருக்க, வரத்துக்காலின் எல்லையை அளந்து கல் நடுவதைப் புரட்டாசி விதைப்புக்கு முன் முடித்துவிட வேண்டும். விதைத்தபின் முளைத்த பயிரின்மேல் மண்வெட்டி வைக்க எவரும் இசையார். அதன்பின் அது வழக்காக முற்றும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007 ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு, ஆட்சேபணை, விசாரணை என்று சட்டம் நடந்து முடிவதற்குள் ஒரு பருவமழை கடந்துவிடும். விதைப்புக்கு முன் கல் நட்டுக்கொள்வது ஒரு பகல் வேலை.

கண்மாய் வேலையை ஊரே கூடிச் செய்யும் குடிமராமத்து இந்நாட்டில் பழைய வழக்கம். அது தளர்ந்தபோது, கரை உடையும் சமயத்தில் ஆட்களைக் கட்டாயமாக அழைக்கவும், வழக்கமான மராமத்தைச் செய்யாதவரிடம் செலவை வசூலிக்கவும் 1858 ஆம் வருஷத்திலேயே மதராஸ் இராஜதானியில் சட்டம் செய்தார்கள். 2017 இல் தமிழ்நாடு அரசு அப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிப் பொதுப்பணித்துறைக் கண்மாய்களில் வேலை நடத்திற்று. அரசு பணம் வந்த வருஷம் வேலை நடந்து, வராத வருஷம் நின்றுவிடுமானால் வரத்துக்கால் பிழைக்காது. அது வருஷந்தோறும் தூர்வது. செலவைப் பங்கிடும்போது ஆயக்கட்டு ஏக்கர் கணக்கை மட்டும் பார்ப்பது வழக்கம். கரைக்குக் கீழே ஆயக்கட்டுக்கு வெளியில் கிணறு வைத்திருப்பவரும் கண்மாய் நிறைந்தால் ஊற்றுப் பெறுகிறவரே. அவர்களையும் ஒரு சிறு பங்குக்குச் சேர்த்துக்கொண்டால் ஆயக்கட்டுக்காரர் முணுமுணுப்பு குறையும்.

சீமைக் கருவேல் 1877 வாக்கில் இத்தேசத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் விறகையும் கரியையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இப்பகுதியில் பல உண்டாகையால், காட்டிலுள்ளது முழுவதையும் ஒரே நாளில் ஒழிக்கப் பேசுவது வீண். வரத்துக்கால், கலுங்கு, மடை இம்மூன்று இடங்களில் மட்டுமாவது ஒன்றும் நிற்கக் கூடாது. வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் நாலாகத் துளிர்க்குமாதலால் வேரோடு பிடுங்க வேண்டும். கரையின்மேல் உள்ள பெருமரத்தை மட்டும் மழைக்கு முன்னால் பிடுங்கக் கூடாது. வேர் போன குழி வழியே நீர் புகுந்து கரையைக் குடையும். அதைக் கோடையில் பிடுங்கி, குழியை அரையடி அரையடியாகக் களிமண் இட்டு, நனைத்து இடித்து மூட வேண்டும். எலி வளை, நண்டு வளைகளையும் இப்படியே தோண்டி அடைக்க வேண்டும். வாயில் வைக்கோலைத் திணித்து மேலே மண் போடுவது கரைக்குள் ஒரு குழாயை மறைத்துவைப்பதற்குச் சமம். சாலைக்கடியில் உள்ள பாலக்குழாய்களில் அடைந்திருக்கும் பிளாஸ்டிக் பைகளை இழுத்துப் போடுவதும் இதனுடன் சேர்ந்த வேலை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அப்பைகள் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டபோதிலும், அவை குழாய்களை விட்டுப் போகவில்லை.

கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் சமயத்தில், இன்னும் ஓரடி நீர் நின்றால் நல்லதென்று கலுங்கின்மேல் மணல்மூட்டை அடுக்குவோர் எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஓரடி, மேலே உள்ளவர் புஞ்சையில் ஏறுகிறது; கீழ்க் கண்மாய்க்குச் சேரவேண்டிய மறுகாலைத் தடுக்கிறது; அன்றிரவே மற்றொரு பெருமழை பெய்தால் கரையின் தாழ்ந்த இடத்தைத் தேடி உடைத்துக்கொண்டு போகிறது. வண்டிப்பாதை ஏறியிறங்கும் இடத்தில்தான் கரை எப்போதும் தாழ்ந்திருக்கும். கலுங்கு மட்டத்திலிருந்து கரையின் உயரத்தை ஒரு நீர்மட்டக் குழாய்கொண்டு ஆங்காங்கே அளந்து, தாழ்ந்த இடங்களைப் புரட்டாசிக்குள் மண் ஏற்றி இடித்துச் சமப்படுத்த வேண்டும். இராக்காவலுக்கு வீட்டுக்கு ஓர் ஆளாக முறைப்பட்டியல் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, ஐப்பசி முதல் தேதியிலிருந்து கார்த்திகை முடிய அதன்படி ஆட்கள் செல்ல வேண்டும். இருநூறு சாக்குகளில் மணல் கட்டிக் கரையின் நடுப்பகுதியில் மேடான இடத்தில் அடுக்கி, மேலே கீற்று மூடி வைக்கலாம். சாக்கை வாய்வரை நிரப்பினால் உருண்டு போகும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பிக் கட்டிய மூட்டையே ஒன்றோடொன்று படிந்து நீரைத் தாங்கும்.